நாள் முழுக்க யாரும் மூச்சுப் பிடிப்பதில்லை, தம்பி

கேள்வி:

அக்கா, எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. வயது 36. துபாயில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஐந்து வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 18. பதினெட்டில் முதல் ஒன்பது குழிகளை 43, 44 ஷாட்டில் முடித்துவிடுவேன். இன்றைக்கு எப்படியும் மொத்தம் 90-க்குள் வந்துவிடலாம் என்று தோன்றும். 12, 13-வது குழி வரும்போது மனம் எங்கோ போய்விடும். ஒரு ஷாட் கெட்டால் அந்த எரிச்சலிலேயே அடுத்த மூன்று குழியும் போகும். பின் ஒன்பது 52, 53-ல் வந்து நிற்கும். கவனம் சிதறக் கூடாது என்று நாலரை மணி நேரமும் யாரோடும் பேசாமல் பந்தையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். 'என்ன, கோபமா?' என்று கூட ஆடுகிறவர்கள் கேட்கிறார்கள். தொழுகையில் நிற்கும்போதுகூட இப்போதெல்லாம் மனம் அலைகிறது. இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போனதும் நவம்பரில் கம்பெனிப் போட்டி. கீழக்கரையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. இங்கே இருந்தபடியே மனதைப் பழக்க வழி உண்டா? தியான வகுப்பில் சேரலாமா? எங்கள் பெரியவாப்பா சங்கு குளித்தவர். 'அவரோட பொறுமையில கால்வாசி உனக்கு இல்ல' என்கிறார் வாப்பா.

— பெயர் வேண்டாம், கீழக்கரை

பதில்:

தம்பி, பெரியவாப்பாவைப் பற்றிக் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் பதில் முழுக்க அதிலிருந்துதான் வரப்போகிறது.

நான் பாம்பன்காரி. என் அம்மா சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போனவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டிக் கிடக்கும். மூழ்கிப் பறித்து, மேலே வந்து பையில் போட்டுவிட்டு மறுபடி மூழ்க வேண்டும். காலையில் இறங்கினால் நாலைந்து மணி நேரம் ஆகும். உங்கள் ஒரு ரவுண்டுக்கு ஆகிற அதே நேரம். பள்ளி லீவு நாட்களில் நான் வள்ளத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மா அடியில் இருந்த நேரத்தைவிட மேலே இருந்த நேரம்தான் அதிகம். மேலே வந்ததும் முகத்தைத் துடைப்பார், மூச்சு வாங்குவார், பக்கத்தில் மிதக்கிறவரிடம் யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ ரெண்டு வார்த்தை பேசுவார், சிரிப்பார். அப்புறம் பேச்சு நின்றுவிடும். முகமே மாறும். ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அடியில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கல்யாணமும் கிடையாது, கடனும் கிடையாது. பாறையும் பாசியும் கையும் மட்டும்தான்.

'மேல வந்தா முழுசா வரணும். பாதி மூச்சுல திரும்ப இறங்குறவ சீக்கிரம் கரையேறிடுவா' என்பார் அம்மா.

நீங்கள் நாலரை மணி நேரமும் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கப் பார்க்கிறீர்கள். 12-வது குழியில் மூச்சு முட்டுகிறது. முட்டாமல் என்ன செய்யும்? உங்கள் பெரியவாப்பாவும் நாள் முழுக்க மூச்சுப் பிடித்தவர் அல்ல. ஒரு முழுக்கு என்றால் ஒரு நிமிடம், மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேலே. அதன் பிறகு மேலே வந்து, தோணியைப் பிடித்துக்கொண்டு, போன மூச்சைத் திரும்ப வாங்கியிருப்பார். வாப்பா அதைப் பொறுமை என்கிறார். நான் அதைத் தொழில் தெரிந்த பழக்கம் என்பேன். பழக்கம் என்றால் கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் கணக்கு பார்க்கிறவர், அதனால் கணக்காகவே சொல்கிறேன். 43-ம் 53-ம் சேர்ந்தால் 96 அடி. 2019-ல் திருத்தி வந்த கோல்ஃப் விதிகள், உங்கள் முறை வந்தபின் 40 நொடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்கின்றன. 96 அடிக்கும் முழுசாக 40 நொடி எடுத்துக்கொண்டாலும் 64 நிமிடம்தான் ஆகிறது. நாலரை மணி நேரம் என்பது 270 நிமிடம். ஆக, 200 நிமிடத்துக்கு மேல் நீங்கள் அடிக்கவே இல்லை. நடக்கிறீர்கள், பக்கி வண்டியில் போகிறீர்கள், முன்னால் ஆடுகிறவர்கள் நகரட்டும் என்று காத்திருக்கிறீர்கள். அந்த 200 நிமிடமும் பந்தையே நினைத்துக்கொண்டிருந்தால், நினைப்பதற்கு அங்கே என்னதான் இருக்கிறது? போன ஷாட் இருக்கிறது, அடுத்த ஷாட்டின் பயம் இருக்கிறது. கவனமாக இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சோர்வு அதிலிருந்து வருகிறது.

நானும் இதே தப்பைச் செய்தவள். சென்னையில் படிக்கும்போதுதான் கோல்ஃப் கற்றேன், கொஞ்சம் வயதான பிறகு. முதல் போட்டியில் 'ஒரு நொடிகூட அசரக் கூடாது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். 14-வது குழியில் இரண்டடி தூரத்திலிருந்து குழிக்குள் உருட்டும் 'பட்' ஒன்றைத் தவறவிட்டபோது தலை கனத்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று இரவுதான் அம்மாவின் பேச்சு நினைவுக்கு வந்தது. படித்த உளவியலைவிட அது சீக்கிரம் புரிந்தது. இன்றைக்கு என்னிடம் வரும் ஆட்டக்காரர்களுக்கும் கிளப் பை சுமக்கும் கேடிப் பையன்களுக்கும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

சரி, எப்படி இறங்குவது, எப்படி மேலே வருவது?

இறங்குவதற்கு ஒரு வாசல் வேண்டும். பந்துக்குப் பின்னால் நாலு அடி தள்ளித் தரையில் குறுக்கே ஒரு கோடு கிழித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் யோசிக்கிற இடம். காற்று எங்கிருந்து வருகிறது, பந்து எப்படிக் கிடக்கிறது, எத்தனை கஜம், எந்த அயன் கிளப் என்று எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிடுங்கள். பந்து எங்கே போய் விழ வேண்டும் என்பதைத் தூரத்தில் ஒரு சின்னப் புள்ளியாகத் தேர்ந்தெடுங்கள். 'அந்தப் பக்கம்' என்று பொதுவாக வைத்துக்கொண்டால் போதாது. அந்தப் பனையின் இடது ஓரம் என்று இருக்க வேண்டும். முடிவானதும் ஒரு மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டுங்கள். தாண்டிய பிறகு யோசனை கிடையாது. நிற்கிறீர்கள், இலக்கை ஒருமுறை பார்க்கிறீர்கள், பந்தைப் பார்க்கிறீர்கள், அடிக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் முடிய வேண்டும். நின்றபின் '7-ம் நம்பர் அயன் பத்துமா?' என்று சந்தேகம் வந்தால், வெட்கப்படாமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். மூச்சு நிறையாமல் யாரும் முழுக்குப் போட மாட்டார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மனம் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது பெரிய விஷயம். நிறையப் பேர் மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு என்று தங்கள் உடம்பையே பார்த்துக்கொண்டு அடிக்கிறார்கள். கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். உடம்பின் அசைவை நினைப்பதைவிட, அந்த அசைவு வெளியே என்ன செய்கிறது என்பதில் கவனம் வைத்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள் என்பதே அவர் திரும்பத் திரும்பக் கண்டது. கிளப்பின் தலை, பந்து போகும் வழி, விழும் இடம், இவைதான் வெளியே இருப்பவை. கை தனக்குத் தெரிந்ததைச் செய்யும். நடுவில் நீங்கள் புகுந்து அதற்குப் பாடம் எடுத்தால் தடுமாறிவிடும். பின் ஒன்பதில் களைத்துப் போகும்போது நீங்கள் செய்வது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஷாட் கெட்டதும் 'என் ஸ்விங்கில் என்ன கோளாறு?' என்று தேட ஆரம்பிப்பீர்கள். மைதானத்தின் நடுவில் அதற்கு மருந்து கிடைக்காது. பயிற்சி நாளுக்கு ஒத்திவையுங்கள்.

பட்டிங்குக்குக் கண் முக்கியம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்பவர் ஆட்டக்காரர்களின் பார்வை எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தார். தேர்ந்தவர்களின் கண் பந்தில் ஒரு புள்ளியில் இரண்டு மூன்று நொடி அசையாமல் நிற்கிறது, பந்து போன பிறகும் ஒரு கணம் அந்த இடத்திலேயே இருக்கிறது. மற்றவர்களின் கண் பந்துக்கும் குழிக்கும் கிளப்புக்குமாகத் தாவுகிறது. நீங்களும் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து உருண்ட பிறகும் அது இருந்த புல்லைப் பாருங்கள். குழியில் விழுந்த சத்தம் காதுக்குத் தானாக வரும்.

இனி மேலே வருவது. இதைத்தான் நீங்கள் செய்வதே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பந்து நின்றதும் அதைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ நினைத்துவிடுங்கள். நல்லதோ கெட்டதோ, பத்து நொடி. கோபம் வந்தால் அந்தப் பத்து நொடி அது வரட்டும், அடக்க வேண்டாம். அப்புறம் கையுறையைக் கழற்றுங்கள், கிளப்பைப் பையில் போடுங்கள். பைக்குள் கிளப் விழுகிற சத்தம் உங்களுக்கு மணி அடித்த மாதிரி. அதோடு அந்த ஷாட் முடிந்தது. கண்ணைத் தரையிலிருந்து தூக்கி, மரத்தைப் பாருங்கள், வானத்தைப் பாருங்கள். குனிந்த தலையோடு நடக்கிறவன் மனதுக்குள்தான் நடப்பான். அடுத்த பந்துக்கு இருபது அடி இருக்கும்போது கையுறையை மறுபடி மாட்டுங்கள். மாட்டும்போது வேலை தொடங்குகிறது. பக்கியில் போகிறவர் என்றால் பந்துக்குப் பக்கத்திலேயே போய் நிறுத்தாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, கடைசி முப்பது அடியை நடந்து போங்கள். அந்த நடைதான் இறங்குவதற்கு முன் எடுக்கிற மூச்சு.

கூட ஆடுகிறவர்களோடு பேசுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். முத்துக் குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று நம் பக்கம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடியில் இருப்பவனுக்கு மேலே நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும். நாலரை மணி நேரம் கூட வருகிறவர்களை எதிரியாக்கி வாயைப் பூட்டிக்கொண்டால், மேலே வந்து பிடித்துக்கொள்ளத் தோணி இருக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஊர்ச் செய்தி, நேற்றுச் சாப்பிட்ட பிரியாணி என்று எதைப் பற்றியும் பேசலாம். கோல்ஃப் மட்டும் வேண்டாம். பேசினால் கவனம் போய்விடும் என்று பயமா? அமெரிக்க ஆட்டக்காரர் லீ டிரெவினோ ரவுண்ட் முழுக்கப் பேசிக்கொண்டே ஆடியவர், மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 6 பட்டங்கள் வென்றார். இன்னொரு அமெரிக்கர் பென் ஹோகன் வாயே திறக்காதவர், அவர் வென்றது 9. இயல்பு ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் கடிதத்தைப் படித்தால் நீங்கள் இயல்பிலேயே பேசாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. பேச்சை அடக்கி வைத்திருக்கிறீர்கள். அடக்குவதற்கும் தெம்பு செலவாகிறது.

முன்னால் ஆடுகிறவர்கள் தாமதிக்கும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. குழியின் முதல் ஷாட்டை அடிக்கிற டீ மேடையில் பத்து நிமிடம் நிற்க நேர்ந்தால், டிரைவர் கிளப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே இருக்கும் ஃபேர்வே புல்வெளியை முறைத்துப் பார்த்தபடி நிற்காதீர்கள். கிளப் பையிலேயே இருக்கட்டும். தோளையும் இடுப்பையும் லேசாக அசைத்துச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். வழி விட்ட பிறகு எடுங்கள். போன் அணைந்தே இருக்கட்டும். அதைப் பார்ப்பது மேலே வருவதாகாது, வேறொரு கடலில் குதிப்பதாகும்.

அடுத்து, அந்த 90. ஒன்பதாவது குழி முடிந்ததும் கூட்டிப் பார்க்கிறீர்கள், இல்லையா? '43 ஆச்சு, இன்னும் 46-க்குள் அடித்தால் 90-க்குள்.' அந்த நொடியிலிருந்து நீங்கள் 10-வது குழியில் இல்லை, 18-வது குழி முடிந்து கைகொடுக்கிற இடத்தில் நிற்கிறீர்கள். மொத்த ஷாட்டை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே போட்டி விதிகளின்படி ஒவ்வொரு குழிக்கும் எழுதிய எண் சரியா என்று பார்ப்பதுதான் ஆட்டக்காரரின் பொறுப்பு. மொத்தம் கூட்டுவது போட்டிக் குழுவின் வேலை. அலுவலகத்தில் நாளெல்லாம் கூட்டுகிறவர், இங்கே ஒரு நாள் அந்த வேலையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுங்கள். 18 குழிகளை மூன்று மூன்றாகப் பிரித்து, ஆறு சின்ன ஆட்டங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று முடிந்தால் ஒரு வாய் தண்ணீர், அடுத்த ஆட்டம். 12-வது குழி வரும்போது அது நாலாவது ஆட்டத்தின் கடைசிக் குழி, அவ்வளவுதான்.

ஹேண்டிகேப் 18 என்றால் என்ன பொருள் என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குழிக்கு ஒரு ஷாட் உங்களுக்குச் சலுகையாகவே கொடுத்திருக்கிறார்கள். ஒரு குழிக்கு வகுத்த ஷாட் எண்ணிக்கை பார், அதைவிட ஒன்று கூடினால் போகி; போகிதான் உங்கள் பார். அப்படியிருக்க ஒரு போகிக்கு எரிச்சல்படுவது, சம்பளத்தில் பிடித்தம் போக வந்த தொகையைப் பார்த்து யாரோ திருடிவிட்டார்கள் என்று கோபப்படுவது மாதிரி. எட்டடி பட்டை உலகின் முதல் வரிசைத் தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். தவறுவது ஆட்டத்துக்குள் இருப்பதே.

ஒரு கெட்ட ஷாட்டுக்குப் பின் மூன்று குழி போகிறது என்று எழுதியிருந்தீர்கள். வட அயர்லாந்து ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராய் 2011-ல் மாஸ்டர்ஸ் என்ற மேஜர் போட்டியில் கடைசி நாளை 4 ஷாட் முன்னிலையோடு தொடங்கினார். 10-வது குழியில் பந்து இடதுபுறம் குடில்கள் இருக்கும் பக்கம் போய், டிரிபிள் போகி (பாரைவிட மூன்று கூடுதல்) ஆனது. அதிலிருந்து அவரால் மீள முடியவில்லை, அன்று 80 அடித்தார். உங்கள் கதைதான். இரண்டு மாதம் கழித்து இன்னொரு மேஜரான யுஎஸ் ஓப்பனை 8 ஷாட் வித்தியாசத்தில் வென்றார். எனக்கு அதைவிடப் பிடித்தது 2025 மாஸ்டர்ஸின் கடைசி நாள். முதல் குழியிலேயே டபுள் போகி. பிறகு மேலே வந்து முன்னிலை பெற்றார். அப்புறம் 13-வது குழியில், அதாவது நீங்கள் வழக்கமாக உடைந்துபோகிற அதே எண்ணில், பக்கத்திலிருந்து அடித்த எளிய பந்து ஓடையில் விழுந்து மறுபடி டபுள் போகி. 14-ல் போகி. 15-லும் 17-லும் பர்டி, அதாவது பாரைவிட ஒன்று குறைவு. 18-ல் மறுபடி போகி. ஜஸ்டின் ரோஸோடு சமநிலை ஆகி, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளேஆஃபின் முதல் குழியிலேயே பர்டி அடித்துப் பட்டத்தை எடுத்தார். அன்று முழுக்க அவர் மனம் கலங்காமல் இருந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. முகத்திலேயே தெரிந்தது. கலங்கிய பிறகும் அடுத்த முழுக்குக்கு மூச்சு நிறைத்துக்கொண்டு போனார்.

இதை எங்கே கற்பது என்கிறீர்கள். கீழக்கரையில் மைதானம் இல்லாதது ஒரு குறையே இல்லை. பந்து இல்லாமல் பழக வேண்டிய பாதி இதுதான்.

விடிகாலையில் ஒரு 7-ம் நம்பர் அயனோ, அது இல்லாவிட்டால் அதே நீளத்துக்கு ஒரு கம்போ எடுத்துக்கொண்டு கடற்கரையில் நடங்கள். ஆறேழு கிலோமீட்டர் போதும். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நில்லுங்கள். தூரத்தில் ஒரு படகின் முனை, கலங்கரை விளக்கத்தின் உச்சி, ஒரு பனை என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மணலில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள், இங்கே நிஜமாகவே கிழிக்கலாம். காற்றைப் பாருங்கள். கச்சான் அடிக்கிறதா, கொண்டல் அடிக்கிறதா என்று கன்னத்தில் உணர்வது உங்களுக்குப் பிறப்பிலேயே வந்திருக்கும். மூச்சை விட்டுக் கோட்டைத் தாண்டி, வெறும் காற்றில் ஒரு ஸ்விங். முடிந்ததும் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடுத்த நாலு நிமிடம் கோல்ஃபை முழுக்க மறந்துவிட்டு நடங்கள். மறப்பது கஷ்டமாக இருக்கும், முதல் வாரம் முடியாது. எதிரே வருகிறவரிடம் என்ன மீன் பட்டது என்று கேளுங்கள். மேலே வரும் பயிற்சி அதுதான்.

நிஜப் பந்தை மட்டும் கரையில் அடிக்காதீர்கள், தம்பி. கரையில் பிள்ளைகள் விளையாடுவார்கள், வலை பின்னுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதோடு கீழக்கரைக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. 21 தீவுகளும் பவளப்பாறையும் கடல்பசுவும் இருக்கிற கடலில் ஒரு பிளாஸ்டிக் பந்துகூடப் போய்ச் சேரக் கூடாது. என் அம்மாவின் கை பட்ட பாறைகள் அவை.

வீட்டுக் கூடத்தில் ஒரு பாயை விரித்து, பட்டிங் பழகுங்கள். ஆனால் ஒரே ஒரு பந்து. பத்துப் பந்தை வரிசையாக வைத்துத் தட்டுவது கைக்குப் பயிற்சி, மனதுக்கு அல்ல. மைதானத்தில் இரண்டாவது பந்து கிடையாது. ஒன்றைத் தட்டுங்கள், எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள், உம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள், திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பித்து இன்னொன்று. பிள்ளைகள் பக்கத்தில் சத்தம் போட்டால் விரட்டாதீர்கள். வாரத்தில் ஒருநாள் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போய், அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு மீனின் கண்ணையோ ஒரு தராசின் முள்ளையோ இருபது நொடி மட்டும் பாருங்கள். அப்புறம் விட்டுவிட்டு வேடிக்கை பாருங்கள். மறுபடி இருபது நொடி. சத்தத்தை நிறுத்தத் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியவரும்.

இதைப் படித்துவிட்டு மூச்சுப் பிடிக்கப் பழகுகிறேன் என்று தனியாகக் கடலில் இறங்கிவிடாதீர்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால், முட்டுகிற உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பும். நான் முழுக்கைச் சொல்வது ஆட்டத்தைப் புரிந்துகொள்ள மட்டும்.

தியான வகுப்பு? சேர விரும்பினால் சேருங்கள், கெடுதல் இல்லை. ஆனால் தொழுகையில் மனம் அலைகிறது என்று எழுதினீர்களே, அலைவது நோய் அல்ல, எல்லோருக்கும் அலையும். அலைந்ததைக் கவனித்துத் திரும்பக் கூட்டிவருவதைத்தான் அந்த வகுப்பிலும் சொல்லித்தருவார்கள். நாளைக்கு ஐந்து வேளை அதற்கு உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், மனதின் பாதிக் கோளாறு வயிற்றில் இருக்கிறது. 12-வது குழி என்றால் ஆட்டம் தொடங்கி மூன்று மணி நேரம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நடுவில் என்ன குடித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு டீயோடு கிளம்பி, ஒன்பதாவது குழியில் ஒரு குளிர்ந்த சோடா என்றால், சர்க்கரை சட்டென்று ஏறி இறங்குகிற நேரமும் உங்கள் மனம் போகிற நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு டீ மேடையிலும் இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். வேர்வை அதிகமென்றால் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம், ரத்த அழுத்தம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு. மூன்று குழிக்கு ஒருமுறை கொஞ்சம் கடலை, ரெண்டு பேரீச்சம்பழம். ஊரிலிருந்து போகும்போது சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கொஞ்சம் எடுத்துப் போனால் அதையும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பின் ஒன்பதை ஆடாதீர்கள்.

இத்தனை செய்தும் 14, 15-ல் களைப்பு வரத்தான் செய்யும். அப்போது ஒரு நம்பர் நீளமான கிளப்பை எடுத்து மெதுவாக அடியுங்கள். 7-ம் நம்பருக்குப் பதில் 6. களைத்த உடம்பு பழைய தூரத்தைத் தராது. அதைக் கட்டாயப்படுத்தி வாங்கப் போய்த்தான் பந்து பங்கர் என்ற மணல் குழிக்கும் தண்ணீருக்கும் போகிறது. டிரைவர் அன்று பிடி கொடுக்கவில்லை என்றால் கடைசி நாலு குழிக்கு அதைப் பையிலேயே விட்டுவிடுங்கள். கம்பெனி ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை கோட்டுக்கு இந்தப் பக்கமும் வேண்டாம்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துபாய் போனதும் போட்டிக்கு முன் இரண்டு மூன்று ரவுண்ட் ஆடுவீர்கள் அல்லவா, அதில் ஸ்கோரைத் தவிர இன்னொரு எண்ணையும் குறியுங்கள். எத்தனை ஷாட்டுக்கு மூச்சு நிறைந்து இறங்கினீர்கள், எத்தனைக்குப் பாதி மூச்சில் போனீர்கள். பந்து எங்கே விழுந்தது என்பது இந்தக் கணக்கில் வராது. முதல் ரவுண்டில் 96-க்கு 40 வந்தாலே நான் சந்தோஷப்படுவேன். ஒவ்வொரு மூன்று குழிக்கும் தனியாகக் குறித்தால், உண்மையில் எந்த இடத்தில் சறுக்குகிறீர்கள் என்று தெரியும். அது 12-வது குழி அல்ல, 10-வது என்று வந்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

பெரியவாப்பா இருக்கிறார் என்றால், லீவு முடிவதற்குள் ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அடியில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். நீங்கள் வேறொன்றைக் கேளுங்கள். மேலே வந்ததும் என்ன செய்வீர்கள், எதைப் பார்ப்பீர்கள், மறுபடி இறங்கலாம் என்று எப்படித் தெரியும்? அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள். நவம்பர் போட்டி முடிந்ததும் அந்த நோட்டில் உள்ள எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், காத்திருப்பேன்.